எல்.கே.ஜி. படிக்கும் பென்ஷன்தாரர்

என் மகள் இனியாவுக்கு மூன்றரை வயது. போன வாரம் அவளுடைய ஓய்வுக்காலத்துக்கு ஏற்பாடு செய்து முடித்தோம்.

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். இன்னும் பால் பாட்டிலிலிருந்தே முழுசாக ஓய்வு பெறாத பெண். எல்.கே.ஜி.யில் சேர்த்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதிலும் பாதி நாள் ஸ்கூல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுகை. அவளுக்கு அறுபது வயதாகும்போது வண்டி எப்படி ஓடும் என்று இப்போதே கவலைப்பட எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார். என் மாமனார்.

வாராவாரம் இந்தப் பத்தியில் நான் எழுதுவதைப் படிக்கிறவர்களில், மாமாவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சேலம் சூரமங்கலத்தில் வீடு. ரயில்வேயில் சரக்கு வேகன்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். யார்டில் வண்டி வந்து நின்றதும் கையில் சுத்தியலோடு இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே எது சரி, எது தப்பு என்று சொல்கிற வேலை. முப்பத்தைந்து வருஷம் இதையே செய்தவர் வீட்டுக்கு வந்தால் சும்மா இருப்பாரா? எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர், தண்ணீர் டேங்க், ஒரு தடவை நான் வாங்கி வந்த தர்பூசணி... எல்லாவற்றையும் தட்டிப் பார்த்திருக்கிறார். தர்பூசணி விஷயத்தில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அவருக்கு இரண்டு பேர் மேல் பக்தி உண்டு. ஒருவர் முருகன். இன்னொருவர் பென்ஷன். மாசக் கடைசியில் செல்போனில் பேங்க் மெசேஜ் வந்தால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாய்விட்டுப் படிப்பார். கேட்பதற்கு என் மாமியார் மட்டும்தான் இருப்பார். அவரும் சமையலறையில் குக்கர் சத்தத்தில் இருப்பார். இருந்தாலும் படிப்பார்.

"நான் பாட்டுக்கு ஊட்டுல உக்காந்திருக்கறேன். ஆனாலும் மறக்காம நெனச்சு அனுப்பறாங்க பாத்தியாம்மா... பெத்த புள்ளை கூட அப்படி நெனைக்க மாட்டான்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அந்தப் பெற்ற பிள்ளை என் கணவர் என்பதால் நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

இப்போது கதைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் இருப்பது நாமக்கல்லில். மாமா சேலத்திலிருந்து பஸ் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். ஒரு கையில் பேத்திக்கு பிஸ்கட். இன்னொரு கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் இனியாவின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று ஜெராக்ஸ்.

குழந்தைகள் பேரில் பென்ஷன் கணக்கு ஆரம்பிக்கலாம் என்று ஒரு திட்டம் வந்திருக்கிறது அல்லவா? பதினெட்டு வயது வரை கார்டியன் பணம் கட்டி நடத்தவேண்டும். அப்புறம் கணக்கு அந்தப் பிள்ளையின் கைக்கே போய்விடும். தொடர்ந்து விட்டு வைத்தால் அறுபது வயதில் பென்ஷன். மாமா செய்தியில் இதைப் பார்த்த மறுநாளே பேங்குக்குப் போய்விட்டாராம். அங்கே, "தாத்தா பணம் குடுக்கலாங்க... ஆனா அப்பா, அம்மா இருக்கறப்ப அவங்கதான் கார்டியனா கையெழுத்துப் போடணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுதான் இந்தத் திடீர் விஜயம்.

ஃபாரத்தைக் கூட அவரே நிரப்பிவிட்டிருந்தார். அந்த அழகான, கட்டம் தாண்டாத, அரசாங்கக் கையெழுத்தில். கார்டியன் கையெழுத்து என்ற இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்ன பெருக்கல் குறி.

"இந்தா, இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று மகன் முன்னால் வைத்தார்.

என் கணவர் செல்வக்குமார் படித்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை. திரும்பவும் மேலிருந்து.

"எதுக்குங்கப்பா இதெல்லாம் இப்பவே?"

"நாளைக்கு வயசான காலத்துல யாரு கையையும் எதிர்பார்த்து நிக்கக் கூடாது பாரு. கெவர்மென்ட் வேலை எல்லாருக்கும் அமையறதில்லை. அமைஞ்சாலும்..." என்று மாமா நிறுத்தினார்.

அந்த 'அமைஞ்சாலும்' இருக்கிறதே... அது எங்கள் வீட்டில் எட்டு வருஷமாக அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் சொல். என் கணவர் டிப்ளமோ மெக்கானிக்கல். அப்பா சொன்னதற்காக ரயில்வே பரீட்சை எழுதினார். பாஸும் செய்தார். வேலைக்கான ஆர்டர் வந்தபோது, போகவில்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். லாரி கம்பெனியிலிருந்து வண்டி வெறும் எஞ்சினும் அடிச்சட்டமுமாக வரும். அதன்மேல் கேபினும், சரக்கு ஏற்றும் தொட்டியும் கட்டித் தருகிற தொழில். நாமக்கல்லில் அதற்குப் பஞ்சமே இல்லை. மாமாவின் கண்ணுக்கு அது தொழிலாகவே தெரியவில்லை.

பட்டறை திறப்பு விழாவுக்கு அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பட்டறை சேலம் ரோட்டின்மேலேயே இருக்கிறது. அவர் வரும் பஸ் அதன் வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். என்ன செய்வார் தெரியுமா? எதிர்ப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து வருவார். ஒருமுறை அவரோடு வந்த என் மாமியார் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சரி... அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

"எம் பொண்ணு எதுக்குங்கப்பா யாரு கையையோ எதிர்பார்க்கப் போறா? நான் இல்லையா?" என்றார் என் கணவர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை.

"நான் அப்படிச் சொல்லலடா."

"வேற எப்படிங்கப்பா?"

கையெழுத்துப் போடாமலே எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அன்று! மாமா கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பிரியாணி செய்திருந்தேன். தயிர்சாதம் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஃபைலை மேஜைமேலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயந்திரம் கணவரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க, குழந்தை பேருல ஒரு கணக்குதானே? ஒரு கையெழுத்துல என்னங்க குறைஞ்சு போயிரும்?"

"அது பாப்பாவுக்கு ஆரம்பிக்கற கணக்கு இல்ல கவி. எனக்குக் குடுத்த மெமோ. 'உன்னால உம் புள்ளையைக் காப்பாத்த முடியாது, அதனால நான் பாத்துக்கறேன்'னு எழுதிக் குடுத்த மெமோ."

இப்படி ஒரு கோணம் அந்த ஃபாரத்தில் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆண்களுக்கு மட்டும் தெரியும் மையில் ஏதோ அச்சடித்திருப்பார்கள் போலிருக்கிறது.

அடுத்த பத்து நாள் இரண்டு பக்கமும் போன் இல்லை. என் மாமியார் மட்டும் ரகசியமாகக் கூப்பிட்டு, "உங்க மாமா ராத்திரி நியூஸ் கூடப் போடறதில்லம்மா" என்று சொன்னார். மாமா நியூஸ் பார்க்கவில்லை என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

நான் ஒரு காரியம் செய்தேன். இனியாவை ஸ்கூலில் விட்டுவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு நாமக்கல்லில் இருக்கும் பேங்குக்குப் போனேன். அங்கே இருந்த ஆபீசரம்மா எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். "யாருங்க மேடம் ஃபில் பண்ணது? இப்படி ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம நான் பாத்ததே இல்லைங்க" என்று ஆச்சரியப்பட்டார். "அப்பாதான் கார்டியனா இருக்கணும்னு இல்லைங்க. அம்மா நீங்களே போடலாம்" என்று பேனாவையும் நீட்டினார்.

பேனாவை வாங்கினேன். பென்சில் குறிக்கு மேலே கொண்டுபோனேன்.

போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். மகள் பேரில் கணக்கு இருந்திருக்கும். ஆனால் அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் பேச்சு? அதற்கு நான் எந்தக் கவுன்டரில் போய் நிற்பது? "அப்புறம் வாரேங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பேங்க் வாசலிலேயே நின்று மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, பாப்பா கணக்குக்கு நானே கையெழுத்துப் போட்டுடறேனுங்க. ஆனா ஒரு கண்டிஷன்."

"என்னம்மா?"

"நீங்க ஒரு தடவை வந்து அவரு பட்டறையைப் பாக்கணும்."



"நான் வந்து அங்க என்னத்தைம்மா பாக்கறது?"

"வேகனைப் பாத்த கண்ணு... லாரியைப் பாக்கக் கூடாதுங்களா மாமா?"

"பாப்பாவும் வருமா அங்க?" என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. மனிதருக்குத் துணைக்கு ஆள் வேண்டும். அதுவும் மூன்றரை வயது ஆள்.

"வருவா மாமா."

சனிக்கிழமை காலை கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "வந்தா வரட்டும். எனக்கென்ன?" என்றார். சொல்லிவிட்டு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே பட்டறைக்குக் கிளம்பினார். நானும் இனியாவும் பத்து மணிக்குப் போனபோது தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். இது இரண்டாவது தடவை என்று வெல்டர் கண்ஜாடை காட்டினார். எங்கும் ஒரு இரும்புத் துண்டு கிடக்கவில்லை. பழைய பெயின்ட் டப்பாக்கள் மாயமாகியிருந்தன. எனக்கென்ன என்று சொன்னவர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தார்.

பத்தரைக்கு சேலம் பஸ் வந்து நின்றது. மாமா இறங்கினார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நிறுத்தத்தில்.

கேட்டுக்கு வெளியே நின்று போர்டை அண்ணாந்து படித்தார். பட்டறைக்கு மாமாவுடைய அப்பாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அது அவருக்குத் தெரியும்... பிறர் சொல்லி. எழுத்தாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வாங்கப்பா" என்றார் என் கணவர்.

"ம்" என்றார் மாமா. இனியா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ அவளே முதலாளி மாதிரி உள்ளே கூட்டி வந்தாள். "தாத்தா, இங்க நெருப்புப் பொறி வரும். கிட்டப் போகக் கூடாது சாமி" என்று, நான் அவளைக் கொஞ்சிச் சொல்வதை அப்படியே ஒப்பித்து எச்சரித்தாள்.

நடுவில் ஒரு லாரி பாதி கட்டிய நிலையில் நின்றது. சங்ககிரியில் இருக்கும் ஒருவருடைய வண்டி. மாமா அதைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, அடியில் பார்த்தார். ஒரு ஸ்பேனரை எடுத்தார். அடிச்சட்டத்தோடு தொட்டியைச் சேர்க்கும் இடத்தில் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார். ஓர் அடி நகர்ந்தார். தட்டினார். கேட்டார்.

பட்டறையில் வேலை தானாக நின்றுவிட்டது. பதினோரு ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்பக்கம் இடதுகை ஓரத்தில் வந்து நின்றார். தட்டினார். திரும்பவும் தட்டினார்.

"இதை வெல்டிங் வெச்சது யாரு?"

"நான்தாங்கப்பா" என்றார் என் கணவர். ஆட்கள் மேல் போட்டிருக்கலாம். போடவில்லை.

"இது வேணாம். அறுத்துட்டுத் திரும்பப் போடு."

எனக்குப் பகீரென்றது. கூட்டி வந்து இவரை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டேனே! கணவர் முகம் இறுகியது. ஸ்பேனரை வாங்கினார். அவரே குனிந்து தட்டினார். பக்கத்து ஜாயின்ட்டில் தட்டினார். திரும்பவும் இங்கே.

"ஆமாங்கப்பா" என்றார் நிமிர்ந்து. "உள்ளே காத்து புடிச்சிருக்குது. மேலாகப் பாத்தா தெரியலீங்க."

"தெரியாது. கேக்கத்தான் முடியும்" என்று சொல்லிவிட்டு மாமா கையைத் துடைத்தார். லாரியை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். "மத்ததெல்லாம்... எங்க யார்டுலயே இப்படி வெக்கறதுக்கு ஆளு இல்லை."

அவ்வளவுதான். அந்த ஒரு வரிதான். என் கணவர் திரும்பிக்கொண்டு, "ஸ்பேனர் எங்க? இங்கதானே வெச்சேன்?" என்று தேட ஆரம்பித்தார். ஸ்பேனர் அவர் கையில்தான் இருந்தது. யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

அப்புறம் டீ வந்தது. மாமா ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய அதிகாரி குரலில் விசாரணையைத் தொடங்கினார்.

"ஆளுங்களுக்கு பி.எஃப். கட்டறியா?"

"கட்டறேங்கப்பா."

மாமா இதை எதிர்பார்க்கவில்லை. டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. "எல்லாருக்குமா?"

"பதினோரு பேருக்கும். ரெண்டு வருஷமா."

"உனக்கு?"

என் கணவர் சிரித்தார். "முதலாளிக்கு யாருங்கப்பா கட்டுவாங்க?"

மாமா சிரிக்கவில்லை. மடியில் உட்கார்ந்து அவருடைய பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்த பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார்:

"அதைத்தான்டா நான் கேக்க வந்தேன். உனக்கு ஒண்ணு ஆரம்பின்னு சொன்னா, நீ கத்துவே. வேலைக்குப் போகாததைக் குத்திக் காட்டறேன்னு நெனப்பே. அதான் பாப்பா பேருல ஆரம்பிச்சா... அந்தச் சாக்குல உன்னையும் பேங்குல உக்கார வெச்சு எழுத வெச்சுடலாம்னு பாத்தேன்."



பாருங்கள்... இந்த மனிதர் பயந்துகொண்டிருந்தது பேத்தியின் அறுபது வயதைப் பற்றி இல்லை. மகனின் அறுபது வயதைப் பற்றி. முப்பத்தாறு வயது மகனிடம் நேராக, 'உன்னைப் பத்திக் கவலையா இருக்குடா' என்று சொல்ல முடியாமல், மூன்றரை வயதுப் பெண்ணை முன்னால் நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறார். நம் வீடுகளில் பாதி அப்பாக்கள் இப்படித்தானே? 'சாப்பிட்டியா?' என்பதைக் கூட அம்மாவிடம் சொல்லித்தானே கேட்கச் சொல்கிறார்கள்? அதை மெமோ என்று படித்துவிட்டுப் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் மகன்களும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

என் கணவர் அப்பாவின் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். "திங்கக்கிழமை வாங்கப்பா. ரெண்டு ஃபாரத்துலயும் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

திங்கட்கிழமை ஒரு படையே பேங்குக்குப் போனது. ஆபீசரம்மா அந்த அடித்தல் திருத்தல் இல்லாத ஃபாரத்தின் கர்த்தா யார் என்று தெரிந்ததும் மாமாவுக்கு நாற்காலி போட்டார். மாமாவின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. இனியா மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"பாப்பா, இனிமே உனக்கும் பென்ஷன் உண்டு" என்றார் ஆபீசரம்மா.

"அதைத் திங்கலாமா?"

"திங்கலாம். அறுபது வயசானதுக்கு அப்புறம்."

இனியாவுக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். விரலை நீட்டி எண்ணிப் பார்த்தாள். இருபது வந்ததும் நின்றாள். "அறுபது எங்க ஸ்கூல்ல இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டு ஸ்டாம்ப் பேடை எடுக்கப் போனாள்.

என் கணவர் முதலில் மகளுக்காகக் கார்டியன் இடத்தில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் தன் பேருக்கு ஒரு ஃபாரம் வாங்கினார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் காட்டினார். "இங்க கேப்பிடல் லெட்டர்... மெதுவா எழுது... அங்க கோடு போட்டுடு." முப்பத்தாறு வயது ஆள், பதினோரு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி, எல்.கே.ஜி. பையன் மாதிரி நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு எழுதினார். ஒரு இடத்தில்கூட எதிர்த்துப் பேசவில்லை. அன்றைக்கு நான் பார்த்த பெரிய அதிசயம் அதுதான்.

எல்லாம் முடிந்தது. நான் ஏதோ உலக சமாதானத்தை ஏற்படுத்திவிட்ட மாதிரி கம்பீரமாக எழுந்தேன். அப்போதுதான் ஆபீசரம்மா, "மேடம், உங்களுக்கு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"எனக்கா?" என்றேன்.

அப்பா, மகன் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். வாராவாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதுகிறவளுக்கு இந்தக் கேள்வி இதுவரை தோன்றவே இல்லை. எழுதுகிறவர்களுக்கு யார் பென்ஷன் கொடுக்கிறார்கள்? வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு யார் கொடுக்கிறார்கள்? நான் இரண்டும் செய்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றும் இல்லை.

"உக்காரும்மா" என்றார் மாமா. நாற்காலியை என் கணவர் இழுத்துப் போட்டார். ஆபீசரம்மா மூன்றாவது ஃபாரத்தை என் முன்னால் வைத்தார்.

"எந்த வயசுல ரிட்டயர் ஆகப் போறீங்க மேடம்? அறுபதுன்னு போட்டுக்கலாங்களா?"

"இன்னைக்கு ராத்திரி தோசை யாரு சுடறாங்கன்னு இவங்க ரெண்டு பேருகிட்டயும் கேட்டுச் சொல்லுங்க. அப்புறம் வயசைப் போட்டுக்கலாம்" என்றேன்.

அப்பாவும் மகனும் அச்சு அசலாக ஒரே மாதிரி முழித்தார்கள்.